உயர் ரத்த அழுத்தச் சிகிச்சை ஆய்வுகள்

ரத்த அழுத்தம் தொடர்ந்து அளவு மீறி நிற்கும் நிலையை மருந்து, உணவு, கருவி ஆகியவற்றால் குறைக்க முடியுமா, குறைத்தால் பக்கவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கேடு ஆகியவை குறைகின்றனவா என்று நோயாளிகளிடமே சோதித்து அறியும் மருத்துவத் துறை. மேல் அளவு 140, கீழ் அளவு 90 மில்லிமீட்டர் பாதரசம் என்பது பல நாடுகளில் இன்றும் எல்லைக்கோடு. பேச்சு வழக்கில் 'பிரஷர்', 'பி.பி.' என்று வழங்கும் இந்த நிலைக்குப் பெரும்பாலும் அறிகுறி கிடையாது. நோயாளிக்கு வலி இல்லாததால் மருந்து பலன் தந்ததா என்று அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். இத்துறையின் வரலாறு முழுக்க அந்த எண்ணிக்கையின் வரலாறுதான்.

அளக்கும் வழி

இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் இணைத்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் 8 அடிக்கு மேல் எழுவதைக் கண்டு 1733இல் எழுதினார். மனிதருக்குப் பொருந்தும் வழி வர மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896இல் கையில் கட்டும் காற்றுப்பட்டையைக் கொண்டுவந்தார். ரஷ்ய ராணுவ மருத்துவரான கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கேட்கும் ஒலிகளைக் கொண்டு மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கண்டறியலாம் என்று 1905இல் அறிவித்தார்.

குறைக்கலாமா என்ற தயக்கம்

அளக்கத் தெரிந்த பிறகும் குறைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதவில்லை. வயதானவரின் தடித்த நாளங்கள் வழியே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போய்ச் சேர உடலே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, அதைத் தொடக் கூடாது என்பதே 1930களில் மேலோங்கிய கருத்து. லிவர்பூல் மருத்துவர் ஜான் ஹே 1931இல், பிரஷர் இருப்பது தெரியவருவதுதான் நோயாளிக்குப் பெரிய ஆபத்து, தெரிந்துவிட்டால் யாராவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கப் பார்ப்பான் என்ற பொருளில் எழுதினார். அமெரிக்காவின் பெரும் இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட்டும் ஏறக்குறைய இதே கருத்தினர். இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால், பாதுகாப்பாகக் குறைக்க அன்று மருந்தே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு.

அந்தக் காலத்தின் கையறுநிலையை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் உடல்நலப் பதிவுகள் காட்டுகின்றன. அவருடைய தனி மருத்துவர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். 1944 மார்ச்சில் இளம் இதய மருத்துவர் ஹோவர்ட் புருவன் முதன்முறையாக அவரை முழுமையாகப் பரிசோதித்தபோது அளவு 186/108; இதயம் வீங்கியிருந்தது. டிஜிட்டாலிஸ், உப்புக் குறைப்பு, ஓய்வு என்பதற்கு மேல் தருவதற்கு ஒன்றுமில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து அவர் மயங்கி விழுந்தபோது அளவு 300/190. புருவன் இந்தக் குறிப்புகளை 1970இல்தான் வெளியிட்டார்.

கடுமையான நோயாளிகளுக்கு அன்று இருந்த வழிகள் நோயைவிடக் கொடுமையானவை. முதுகெலும்பை ஒட்டிய பரிவு நரம்புகளை அறுத்தெடுக்கும் அறுவைச் சிகிச்சை ஒன்று. டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் தந்த சோறும் பழமும் மட்டுமே கொண்ட, உப்பில்லாத உணவு மற்றொன்று. கெம்ப்னரின் உணவில் பலருக்கு அழுத்தம் இறங்கவே செய்தது. ஆனால் மாதக்கணக்கில் அதைத் தின்று தாங்கியவர்கள் சிலரே.

சர்ப்பகந்தாவிலிருந்து மாத்திரைக்கு

இந்தியாவின் பங்கு இங்கே வருகிறது. பாம்புக் கடிக்கும் மனநோய்க்கும் நாட்டு வைத்தியத்தில் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 50 நோயாளிகளிடம் கண்டதை 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1952இல் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. மனச்சோர்வை உண்டாக்குகிறது என்ற புகார் பின்னாளில் ரிசர்பினைப் பின்தள்ளியது; அன்று கொடுத்த அளவுகள் மிக அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1950களின் இறுதியில் மெர்க் ஆய்வகத்திலிருந்து குளோரோதையசைடு வந்தது. சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. வாயால் விழுங்கலாம், அன்றாட வேலையைக் கெடுக்காது. அறிகுறியே இல்லாத ஒருவரிடம் 'தினமும் இதைப் போடுங்கள்' என்று சொல்வதற்கு அப்போதுதான் வழி பிறந்தது. சொல்லலாமா என்பதற்குச் சான்று மட்டும் இன்னும் இல்லை.

ஃப்ரீஸின் ஆய்வு

அந்தச் சான்றைத் தந்தவர் எட்வர்ட் ஃப்ரீஸ். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பலவற்றை இணைத்து அவர் நடத்திய ஆய்வு இத்துறையைப் பிளந்து முன், பின் என்று ஆக்கியது. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு, ரிசர்பின், ஹைட்ரலசின் ஆகிய மூன்று மருந்துகள். மற்றதற்கு மருந்தில்லாத போலி மாத்திரை.

சேர்ப்பதற்கு முன்பே ஃப்ரீஸ் ஒரு வடிகட்டல் வைத்தார். சோதனைக் கால மாத்திரைகளில் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் கலந்திருந்தது. அதை விழுங்கியவரின் சிறுநீர் புற ஊதா ஒளியில் மஞ்சளாய் ஒளிரும். மிச்ச மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரை ஒளியில் காட்டியும் ஒழுங்காகப் போட்டவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தனர். 'போட்டுட்டேன் டாக்டர்' என்ற வார்த்தையை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1967இல் முடிவு வந்தது. போலி மாத்திரைப் பிரிவில் 27 பேருக்குக் கடுமையான சிக்கல்கள். அவர்களில் 4 பேர் இறந்தனர். மருந்துப் பிரிவில் 2 பேருக்கு மட்டுமே சிக்கல். சாவு ஒன்றுகூட இல்லை. 1970இல் வெளியான இரண்டாம் பகுதியில், கீழ் அளவு 90 முதல் 114 வரை இருந்த 380 பேரிடம் ஐந்தாண்டுக் காலச் சிக்கல் வாய்ப்பு 55 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைக் கண்டனர். அடுத்த ஆண்டு ஃப்ரீஸுக்கு லாஸ்கர் விருது. ஆய்வில் பெண்கள் ஒருவர்கூட இல்லை என்பது அதன் பெருங்குறை. அந்தக் குறையைப் பின்வந்த ஆய்வுகள்தான் தீர்த்தன.

லேசான அழுத்தம், முதியோர்

பலன் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை என்பதைப் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் 1985இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. லேசான உயர் அழுத்தம் உள்ள 17,354 பேரைப் பின்தொடர்ந்ததில், 850 பேர் ஓராண்டு மருந்து எடுத்தால் ஒரு பக்கவாதம் தடுக்கப்படும் என்று கணக்கு வந்தது. நேர்மையான கணக்கு. மருந்து நிறுவன விளம்பரங்களில் இத்தகைய எண்ணை யாரும் பார்த்திருக்க முடியாது.

வயதானால் மேல் அளவு ஏறுவது இயல்பு என்ற நம்பிக்கையை 1991இல் அமெரிக்காவின் ஷெப் ஆய்வு உடைத்தது. மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்த 60 வயது கடந்த 4,736 பேரில், மருந்து எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. 80 வயது கடந்தவர்களுக்கும் பலன் உண்டு என்று 2008இல் ஹைவெட் ஆய்வு சொன்னது.

இதற்கிடையே மருந்துகள் பெருகின. ஜேம்ஸ் பிளாக்கின் புரோப்ரனலால் வந்தது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் தொடர்ச்சியாக ஸ்குவிப் நிறுவனம் உருவாக்கிய கேப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எது சிறந்தது என்று மோதவிட்டுப் பார்த்த ஆல்ஹாட் ஆய்வில் 42,418 பேர் இருந்தனர். இதயச் செயலிழப்பு கூடியதால் டாக்சசோசின் என்ற மருந்தைப் பெற்ற பிரிவு 2000இல் நிறுத்தப்பட்டது. 2002இல் வந்த இறுதி முடிவில், விலை மலிந்த பழைய சிறுநீர் பெருக்கியான குளோர்தாலிடோனை, மாரடைப்பைத் தடுப்பதில் புது மருந்துகளான அம்லோடிபினாலோ லிசினோப்ரிலாலோ மிஞ்ச முடியவில்லை. புது மருந்துக்குக் கூடுதல் விலை கொடுத்துவந்த நாடுகளுக்கு இது கசப்பான செய்தி.

எதுவரை குறைப்பது

2015இல் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வு 9,361 பேரை இரு இலக்குகளுக்குப் பிரித்தது: மேல் அளவு 140க்குக் கீழ், 120க்குக் கீழ். இரண்டாம் பிரிவில் இதயநோய், பக்கவாதம் முதலியவை 25 சதவீதமும் மொத்த இறப்பு 27 சதவீதமும் குறைந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினர். மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு முதலிய தொல்லைகள் அந்தப் பிரிவில்தான் கூடுதல். நீரிழிவு உள்ளவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை. இதன் தாக்கத்தால் அமெரிக்க இதயச் சங்கங்கள் 2017இல் எல்லைக்கோட்டை 130/80க்கு இறக்கின. இந்தியா 140/90லேயே நிற்கிறது.

ஸ்பிரிண்டில் அளந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, தானியங்கிக் கருவி மூன்று முறை அளந்து சராசரி எடுத்தது. பல இடங்களில் அறையில் வேறு யாரும் இல்லை. வரிசையில் நின்று, படியேறி வந்து, மூச்சு வாங்கும்போதே பட்டையைக் கட்டி ஒருமுறை பார்க்கும் அளவும் அந்த 120உம் ஒன்றாகா. இலக்கைக் கடன் வாங்கும் மருத்துவர்கள் அளக்கும் முறையைக் கடன் வாங்குவதில்லை.

கருவிகளின் கதையும் ஒப்பீட்டுப் பிரிவின் அருமையைச் சொல்கிறது. சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுட்டு முடக்கும் முறை தொடக்க ஆய்வுகளில் பெரும் வெற்றி போலத் தோன்றியது. 2014இல் 535 பேரிடம், சிலருக்கு நரம்பைச் சுடாமல் சுட்டதுபோல் பாவனை மட்டும் செய்து பார்த்தபோது, இரு பிரிவிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவே இறங்கியது. கருவிகளைத் திருத்தி மீண்டும் சோதித்து, 2023 நவம்பரில்தான் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

உப்பும் ஊரும்

சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்த ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சமையலில் சேர்த்தவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது. சிறுநீரக நோயாளிகள் இந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இலங்கையில் 700 நோயாளிகளிடம் நடந்த டிரையம்ஃப் ஆய்வு, மூன்று மருந்துகளைப் பாதியளவில் ஒரே மாத்திரையாகத் தந்தது. ஆறு மாதத்தில் இலக்கை எட்டியோர் 70 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை கிராமங்களில் நடந்த மற்றோர் ஆய்வில், களப்பணியாளர்கள் வீட்டுக்கே போய் அளந்து ஆலோசனை சொன்ன ஊர்களில் மேல் அளவு கூடுதலாக 5 மில்லிமீட்டர் இறங்கியது.

சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேருக்காக நடத்திய தடுப்புத் திட்டத்தில் கையாண்டவை ஹைட்ரோகுளோரோதையசைடு, ரிசர்பின், ஹைட்ரலசின். ஃப்ரீஸ் பயன்படுத்திய அதே மூன்று. பெரும்பாலோருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது.

உலகில் 30 முதல் 79 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு என்றும், அவர்களில் ஐந்தில் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை கூறுகிறது.