பாக் எழுதாமல் விட்டவை

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனியில் வாழ்ந்த இசைப் பேராசான் ஜொகான் செபாஸ்டியன் பாக். அவர் கைப்பட எழுதிய இசையேடுகளில் எந்தச் சுரத்தை வாசிப்பது என்பது தெளிவாக இருக்கும். எவ்வளவு விரைவாக, எவ்வளவு உரக்க வாசிப்பது என்ற குறிப்போ பெரும்பாலும் இராது.

காரணம் யாது? முதலாவது, கருவி. அக்காலத்து ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தியதும் இறகுத் தண்டு ஒன்று தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினும் வலிந்து அழுத்தினும் ஒலி ஏறக்குறைய ஒன்றே. கிளாவிகார்டில் பித்தளைத் தகடு தந்தியைத் தொடும். விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும். ஆயினும் அது மிகவும் மெல்லிய குரலுடையது. சுத்தியலால் தந்தியைத் தட்டும் பியானோவை இத்தாலியரான கிறிஸ்டோஃபோரி 1700-ஐ ஒட்டியே செய்துவிட்டார். ஜெர்மனியில் அது பரவுமுன் பாக் முதுமை எய்திவிட்டார். மற்றொன்று, பழக்கம். நடனத்தின் பெயரைச் சொன்னாலே அதன் நடை இன்னதென அன்று வாசிப்போர் அறிவர்.

அந்த வாசிப்போர் யாவரும் தொழிற்கலைஞர் அல்லர். 1723-இல் எழுதிய பயிற்சி ஏட்டின் முகப்பில், இசையார்வலர்க்கும் கற்க விழைவோர்க்கும் உரியதென்றும், பாடுவது போன்ற வாசிப்பு கைவர வேண்டுமென்றும் பாக் குறித்திருக்கிறார்.

அவர் 1750-இல் மறைந்தார். அந்த மௌனத்தைப் பின்வந்தோர் பொறுக்கவில்லை. 1791-இல் பிறந்த செர்னி, 1830-களில் தாம் பதிப்பித்த ஏட்டில் விரைவுக்கும் ஒலியளவுக்கும் குறிகள் சேர்த்தார். தவறன்று, அவை அவர் காலத்துப் பியானோவுக்கு ஏற்றவை. ஆனால் மாணாக்கர் பலர் அவற்றைப் பாக்கின் கட்டளை என்றே கொண்டனர். இன்னொரு செய்தி வியப்பூட்டும். பலரும் முதலில் பயிலும் சி மேஜர் முன்னிசையில், 22, 23-ஆம் தாளக் கட்டங்களுக்கிடையே பாக் எழுதாத கட்டம் ஒன்று பழைய பதிப்புகள் சிலவற்றில் நுழைந்துவிட்டது. அங்கே இசை சற்றே முரடாகத் தாவுகிறது. அதைச் செப்பனிட யாரோ முனைந்தனர் போலும்! அம்முன்னிசையின்மேல் பிரெஞ்சு இசைஞர் கூனோ அமைத்த புகழ்பெற்ற பாடலிலும் அக்கட்டம் இருக்கிறது.

ஆகவே, ஆர்வத்தால் பியானோ வாசிப்பவர் முதலில் செய்யத்தக்கது, பிறர் சேர்த்தவை நீங்கிய பதிப்பைத் தேடுவதே. அணிச்சுரங்களுக்கு வழிகாட்டி உண்டு: 1720-இல் மூத்த மகனுக்குத் தந்த ஏட்டில் அவற்றை விரித்து வாசிக்கும் முறையைப் பாக் பட்டியலாகவே காட்டியுள்ளார். கால்மிதியை அளவோடு கையாள்வது நலம். மிகுந்தால், தனித்தனியே நடக்க வேண்டிய குரல்கள் கலந்து குழம்பும். உரப்பு, மென்மை ஆகியவற்றைப் பியானோவில் அறவே விலக்குவோர் உளர். அதை யான் ஏற்கேன். பாடுவது போல் என்றவர் ஒலியின் ஏற்றத்தாழ்வை வெறுத்திருப்பாரா?

விரைவைப் பற்றியோ முடிவான விடை இல்லை. கனடா நாட்டுக் கலைஞர் கிளென் கூல்ட், கோல்ட்பர்க் மாறுபாடுகளின் தொடக்கப் பகுதியை 1955-இல் ஒலிப்பதிவு செய்தபோது ஏறத்தாழ 2 நிமிடத்தில் முடித்தார். 1981-இல் அதே சுரங்களுக்கு அவர் எடுத்துக்கொண்டது 3 நிமிடத்துக்குச் சற்று மேல்.