விருந்தினர் ஏட்டில் ஒரு கையெழுத்து

அயல் வீட்டு வேலி ஒரு முழம் நகர்ந்துவிட்டது என்று தொடங்கிய வழக்கு, வழக்காடியவர்களின் பேரப்பிள்ளைகள் காலம்வரை நீண்ட கதைகளை நம்மிற் பலர் கேட்டிருக்கிறோம். காணிக்கு உறுதி உண்டு, எல்லைக்கல் உண்டு, நில அளவையாளர் வரைந்த படமும் உண்டு. இத்தனையும் இருந்தும் வழக்கு ஓய்வதில்லை. அவ்வாறாயின், தொலைக்காட்சித் திரையில் அங்குமிங்கும் ஓடும் ஒரு வெள்ளைப் புள்ளிக்கு வேலியடைப்பது எங்ஙனம்? அந்தப் புள்ளி என்னுடையது என்று ஒருவரும், அன்று அன்று, அது எவருக்கும் உரியதன்று என்று மற்றொருவரும் நீதிமன்றத்தில் நின்று வாதாடினால் நீதிபதி எதனை அளந்து தீர்ப்புச் சொல்வார்? அமெரிக்காவில் இத்தகைய வழக்கு 1974ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அதன் கிளைகள் இருபது ஆண்டுக்கு அண்மையாகப் படர்ந்தன. அந்த வழக்கின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

முதலில் ஆக்கவுரிமை என்பது யாதென ஒரு சொல் சொல்லிவிடவேண்டும். புதிய கருவியொன்றைக் கண்டுபிடித்தவன், அதன் இரகசியத்தை மறைக்காது உலகறிய எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குக் கைம்மாறாக, குறித்த சில ஆண்டுகளுக்கு அவன் அனுமதியின்றி வேறெவரும் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு காவல் தருகிறது. அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தில் இந்தக் காவல், உரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகளுக்கு நிலைத்தது. காணி உறுதியில் வடக்கெல்லை, தெற்கெல்லை என்று எழுதுவதுபோல, ஆக்கவுரிமைப் பத்திரத்திலும் 'எனது உரிமை இதுமட்டும் செல்லும்' என்று வாசகங்களால் எல்லை வகுப்பர். கல்லால் நட்ட எல்லையே பேசப்படும்போது, சொல்லால் நட்ட எல்லையைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

எமது கதையின் முதல் மனிதர் ரால்ப் பேயர். 1922இல் ஜேர்மனியிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். நாற்சிகளின் கொடுமை முற்றிய வேளையில், 1938இலே, பெற்றோருடன் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். தொழிற்சாலையிற் கூலிக்கு உழைத்தபடியே தபால்மூலப் பாடம் கற்று வானொலிப் பெட்டி திருத்துபவரானார் என்பதை வானொலி நேயர்களாகிய உங்களுக்குச் சொல்லாமல் விடமுடியாது. போர் முடிந்தபின் தொலைக்காட்சிப் பொறியியலிற் பட்டம் பெற்றார். 1951ஆம் ஆண்டிலேயே, தாம் வேலைபார்த்த நிறுவனத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் விளையாட்டொன்றைச் சேர்க்கலாமே என்று மேலாளரிடம் கூறினார். அந்த யோசனையை எவரும் பொருட்படுத்தவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1966 ஆகத்து மாத இறுதியில் ஒருநாள், நியூயோர்க் நகரத்துப் பேருந்து நிலையமொன்றின் வெளியே, சக பொறியியலாளர் ஒருவரின் வரவை எதிர்பார்த்துப் பேயர் அமர்ந்திருந்தார். பழைய எண்ணம் திரும்ப வந்தது. குறிப்பெடுத்துக்கொண்டார். மறுநாட் காலை, செப்தெம்பர் 1ஆம் திகதி, அந்தக் குறிப்பை நான்கு பக்கங்களில் விரித்தெழுதித் திகதியுமிட்டு வைத்தார். திகதியிட்டு வைத்த இந்தச் சிறு செயலை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

அப்போது அவர் நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலுள்ள சாண்டேர்ஸ் என்ற நிறுவனத்திற் பணியாற்றினார். இராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்வதே அந்நிறுவனத்தின் தொழில். விளையாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆயினும் ஆராய்ச்சிப் பகுதித் தலைவர் 2,500 டொலர் ஒதுக்கிக் கொடுத்தார். பூட்டிய சிற்றறையொன்றில் பில் ஹாரிசன் என்ற தொழினுட்பவியலாளரும், பின்னர் பில் ரஷ் என்ற பொறியியலாளரும் பேயருடன் சேர்ந்து உழைத்தனர். தொடக்கத்திலே திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று துரத்தின, அவ்வளவே. சலிப்பூட்டும் ஆட்டம். மனிதன் கைப்படாமல் இயந்திரமே இயக்கும் மூன்றாவது புள்ளியொன்று வேண்டும் என்ற யோசனையை 1967இல் ரஷ் சொன்னார். அந்த மூன்றாம் புள்ளிதான் பந்து. ஆட்டக்காரரின் புள்ளி அதனைத் தொட்டதும் அது திசைமாறித் தெறித்தது. மேசைப்பந்து ஆட்டம் திரையிலே பிறந்தது. நீதிமன்றங்களிற் பல ஆண்டு அடிபட்ட வாசகமும் இதுவே: அடிக்கும் புள்ளி, அடிபடும் புள்ளியைத் தொடும்போது, அடிபட்டதன் ஓட்டம் மாறவேண்டும். பேயரின் பெயரிலும் ரஷ் பெயரிலும் ஆக்கவுரிமை விண்ணப்பங்கள் போயின. அவற்றின் உடைமையோ சாண்டேர்ஸ் நிறுவனத்துக்கே உரியதாயிற்று.

மரநிறத் தாள் ஒட்டிய அந்தப் பெட்டியைத் 'தவிட்டுப் பெட்டி' என்றே அழைத்தனர். அதனை விலைக்கு வாங்க ஆள் தேடுவதிலே மூன்று ஆண்டு போயிற்று. கடைசியில் 1971இல் மக்னவொக்ஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனம் உரிமம் பெற்றது. 1972இல் 'ஒடிசி' என்ற பெயருடன் அது கடைக்கு வந்தது. விலை ஏறத்தாழ 100 டொலர். அதற்கு ஒலியில்லை, புள்ளிக் கணக்கு வைக்கும் ஆற்றலுமில்லை. ஆடுகளத்தின் கோடுகளை அது வரையமாட்டாது. வண்ணப் பிளாத்திக்குத் தாளொன்றைத் திரையின்மீது ஒட்டிவிட்டே ஆடவேண்டும்.

இனி இரண்டாம் மனிதரிடம் வருவோம். நோலன் புஷ்னெல், கலிபோர்னியாவில் வாழ்ந்த இளைஞர், சமர்த்தர், சற்றுத் துணிச்சலும் மிக்கவர். மசசூசெற்ஸ் தொழினுட்பக் கல்லூரி மாணவர் 1962இல் பெருங்கணனியொன்றில் ஆக்கிய 'விண்வெளிப் போர்' என்னும் ஆட்டத்தைக் கண்டு மயங்கி, அதுபோன்றதொன்றை நாணயம் இட்டு ஆடும் இயந்திரமாக 1971இல் வெளியிட்டவர். அது பெரிதாக விலைபோகவில்லை. 1972 மே 24ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோவுக்கு அண்மையிலுள்ள பேர்லிங்கேம் நகரத்து ஹோட்டலொன்றில், மக்னவொக்ஸ் தன் புதிய பொருள்களை வணிகருக்குக் காட்டும் கண்காட்சி நடத்திற்று. புஷ்னெல் அங்கே சென்றார். ஒடிசியில் மேசைப்பந்து ஆடிப் பார்த்தார். வாயிலில் வைத்திருந்த விருந்தினர் ஏட்டிலே தம் பெயரையும் எழுதினார். அந்த ஒரு வரி பிற்காலத்தில் எத்தனை இலட்சம் டொலர் பெறுமதியாகும் என்பதை அவர் அப்போது அறிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த மாதமே அட்டாரி என்ற நிறுவனம் பதிவாயிற்று. அல் அல்கோர்ன் என்ற இளம் பொறியியலாளரை வேலைக்கு அமர்த்திய புஷ்னெல், பெரிய நிறுவனமொன்று கேட்டிருக்கிறது என்று ஒரு பொய்யும் சொல்லி, மேசைப்பந்து ஆட்டமொன்றைச் செய்யுமாறு பணித்தார். அல்கோர்ன் செய்ததோ ஒடிசியின் வெறும் நகலன்று. மட்டையின் எப்பகுதியிற் படுகிறதோ அதற்கேற்பப் பந்து வெவ்வேறு கோணத்தில் திரும்பிற்று. ஆட்டம் நீள நீள வேகம் கூடிற்று. புள்ளிக் கணக்குத் திரையிலே தோன்றியது. 'பொங்' என்ற ஒலியும் எழுந்தது. அந்த ஒலியே அதன் பெயருமாயிற்று. சனிவேல் நகரத்து மதுக்கடையொன்றில் முதல் இயந்திரத்தை வைத்தார்கள். சில நாளில் அது பழுதுபட்டது என்று அழைப்பு வர, அல்கோர்ன் போய்த் திறந்து பார்த்தார். பழுதொன்றுமில்லை. நாணயம் நிரம்பி வழிந்திருந்தது.

கள்ளுக்கடை தொடங்கிக் கடைத்தெருவரை பொங் பரவிற்று. நகல் செய்தோரும் பலர். இத்தனை கொம்பனிகளும் தங்கள் காணியிலே பயிர்செய்கின்றன என்று சாண்டேர்சும் மக்னவொக்சும் 1974இல் சிக்காகோ நீதிமன்றம் ஏறின. எதிரிகளின் வரிசையில் அட்டாரியும் நின்றது. சீபேர்க் முதலிய சிக்காகோ இயந்திர நிறுவனங்களும் நின்றன. வழக்காளர் கையில் இரண்டு ஆவணங்கள். ஒன்று, 1966ஆம் ஆண்டுத் திகதியிட்ட பேயரின் குறிப்பு. மற்றது, புஷ்னெல் கையெழுத்திட்ட விருந்தினர் ஏடு. தாம் ஒடிசியைக் கண்டது உண்மையே, ஆனால் அது அப்படியொன்றும் திறமான பொருளாகத் தமக்குத் தோன்றவில்லை என்பது புஷ்னெலின் விடை. இதில் உண்மை இல்லாமலுமில்லை. பொங் மேலான ஆட்டம் என்பதை ஆடியவர் அனைவரும் அறிவர். ஆனால் ஆக்கவுரிமை வழக்கு, எவனுடைய பயிர் நன்றாய் விளைந்தது என்று கேட்பதில்லை. நிலம் யாருடையது என்று மட்டுமே கேட்கும்.

புஷ்னெல் காலம் அறிந்தவர். 1976 யூன் மாதத்தில் அட்டாரி சமரசத்துக்கு இணங்கிற்று. 15 இலட்சம் டொலரை எட்டுத் தவணையிற் செலுத்தி உரிமம் பெறுவதாக ஒப்பந்தம். தோல்வி போலத் தோன்றும் இது, என் எண்ணத்தில், வழக்கிலேயே மிகக் கெட்டித்தனமான செயல். ஒரு தொகை கட்டி அட்டாரி வேலிக்கு உள்ளே போய்விட்டது. அதன் போட்டியாளர்களோ வெளியே நின்று வழக்காடவேண்டியவராயினர். 1977 சனவரியில் நீதிபதி ஜோன் கிரேடி தீர்ப்பளித்தார். கணனி ஆட்டங்கள் முன்னரே இருந்தன என்று எதிரிகள் எடுத்துக்காட்டியவற்றை அவர் ஏற்கவில்லை. ரஷ் பெயரிலான ஆக்கவுரிமை செல்லும், எதிரிகள் அதனை மீறினர், இத்துறைக்கே அது முன்னோடி என்பது அவர் முடிவு.

அதன்பின் மக்னவொக்சின் நியாயவாதிகளுக்கு ஓய்வில்லை. மற்றெல், அக்ரிவிஷன் என்று ஒவ்வொரு நிறுவனமாக நீதிமன்றத்துக்கு வந்தன. அடிக்கும் புள்ளி, அடிபடும் புள்ளி என்ற அந்த ஒரு வாசகத்துக்குள் மேசைப்பந்து மட்டுமன்றி வேறு பல பந்தாட்டங்களும் அடங்கிவிட்டன! உரிமக் கட்டணமும் நட்டஈடுமாகப் பத்துக் கோடி டொலருக்கு மேல் திரண்டதென்பர். தம் நாளைச் சாட்சிக் கூட்டிலே பேயர் எத்தனை முறை கழித்தார் என்பதை எண்ணினால், கண்டுபிடித்த காலத்தைவிடக் கண்டுபிடித்தேன் என்று நிறுவிய காலமே நீண்டது எனலாம்.

1980களின் நடுவில் யப்பானிய நிறுவனமான நின்ரெண்டோ வேறொரு வழியை நாடிற்று. வேலியைப் பெயர்க்க முயலாது, உறுதியே செல்லாதது என்று வழக்கிட்டது. அதற்குச் சான்றாக அது அழைத்து வந்தவர் வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிக அறிஞர். போர்க்காலத்தில் அணுகுண்டுக்கான மின்னணுச் சுற்றுகளில் உழைத்து, பின்னர் அவ்வாயுதம் பரவலாகாதென்று போராடிய பெருந்தகை. 1958 ஒற்றோபரில், புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தைப் பார்வையிட வரும் பொதுமக்கள் சலிப்படையாதிருக்கவேண்டுமே என்பதற்காக, ஒப்புமைக் கணனியொன்றையும் அலைகாட்டியொன்றையும் இணைத்து டெனிஸ் ஆட்டமொன்றை அமைத்தார். ஐந்து அங்குல அலைகாட்டித் திரையில் வலைக்கு மேலாகப் பந்து வளைந்து பறந்தது. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று ஆடினர். அடுத்த ஆண்டு பெரிய திரையும் சந்திரனின் ஈர்ப்பு, வியாழனின் ஈர்ப்பு என்ற புதுமைகளும் சேர்ந்தன. அதன்பின் பாகங்களைக் கழற்றி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆக்கவுரிமை கோரவேண்டும் என்ற நினைவே அவருக்கு எழவில்லை. கோரியிருந்தாலும் அது அரசாங்கத்துக்கே போயிருக்கும். தமக்குப் பத்துச் சதமும் தேறியிராது.

அந்த டெனிஸ் பேயருக்கு எட்டாண்டு முந்தியது என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் நீதிமன்றம் நின்ரெண்டோவின் வாதத்தை ஒப்பவில்லை. அலைகாட்டியில் ஓடிய ஒளிக்கீற்று தொலைக்காட்சிக்குரிய வீடியோச் சைகை அன்று என்பது காரணம். சட்டத்தின் நோக்கிலே இது சரியாயிருக்கலாம். வரிசையில் நின்று ஆடிய பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை விளக்க எவரேனும் முன்வருவாரா என்பது என் ஐயம்.

நின்ரெண்டோவுக்கு எல்லா வழக்குகளும் தோல்வியாகவில்லை. அல்பெக்ஸ் என்ற சிறு நிறுவனம் 1986இல் அதன்மேல் வழக்கிட, 1994இல் யூரிமார் 25 கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டைத் தீர்த்தனர். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கும் முறை அல்பெக்சினுடையது. நின்ரெண்டோவின் படச்சில்லோ அவ்வாறு முழுப்படத்தையும் சேமிக்காது, வரிவரியாக அவ்வப்போதே ஆக்கியது. இந்த வேறுபாட்டைக் கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் தீர்ப்பைக் கவிழ்த்தது. பத்தாண்டு வழக்கு, பலன் சுழியம்.

விளையாடுவோர் கையிலேயே வழக்கு உணரப்பட்டது 2006இல். ஆட்டத்தில் அடி விழுந்தால் கைப்பிடி அதிரும் முறைக்கு இம்மேர்ஷன் என்ற நிறுவனம் உரிமை கோரியது. மைக்ரோசொப்ற் 2003இல் பணம் கட்டி விலகிற்று. சோனி வழக்காடியது, 2004இல் 8.2 கோடி டொலர் செலுத்துமாறு யூரி தீர்த்தது. 2006இல் சோனியின் மூன்றாம் பிளேஸ்டேஷன் வந்தபோது அதன் கைப்பிடி அசையாது கிடந்தது. அசைவை உணரும் பாகத்துக்கு அதிர்வு இடையூறு என்று சோனி காரணம் கூறிற்று. 2007இல் இருதரப்பும் சமரசமாயின. அதன்பின் வந்த புதிய கைப்பிடியில் அசைவுணர்வும் இருந்தது, அதிர்வும் இருந்தது.

பேயர் 2014 திசெம்பரில் காலமானார். அவருடைய தவிட்டுப் பெட்டியும் குறிப்புகளும் 2006ஆம் ஆண்டு முதல் வாசிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பாதுகாப்பில் உள்ளன. ஹிகின்பொதத்தின் டெனிசுக்கு அவ்வாறு வைக்க ஒரு பெட்டியும் மிஞ்சவில்லை. 1997இல், ஆய்வுகூடத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, புரூக்ஹேவன் பொறியியலாளர் அதனைப் புதிதாகக் கட்டி இயக்கிப் பார்த்தனர். ஹிகின்பொதம் அதைக் காண இல்லை. அவர் 1994இலேயே மறைந்துவிட்டார்.