மூச்சை அடக்கு, மூச்சை விடு: முத்துக்குளித்துறையின் முதல் பாடம்

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர்தான். ஆனால் இங்கே கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961-ல். இன்று கடலுக்குள் போக ஆசைப்படுகிறவர்கள் முத்துக்காகப் போவதில்லை. ஸ்கூபா பழகப் போகிறார்கள். "மூன்று நாளில் சர்டிபிகேட்" என்று சொல்கிறார்கள். மூன்று நாள் போதுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட நம்ம ஊர்க் கடற்கரையை விட நல்ல இடம் கிடையாது. ஏனென்றால் இங்கே சுமார் இரண்டாயிரம் வருடமாக யாராவது ஒருவர் புதிதாக மூழ்கப் பழகிக்கொண்டே இருந்திருக்கிறார்.

முதலில் கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல், பாண்டியர்களின் கொற்கைப் பக்கம் முத்துக்குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற கைதிகள் செய்தார்கள் என்கிறது. நான் காமர்ஸ் படிக்கிறவன். எனக்கு இதில் ஒரு கணக்குதான் தெரிகிறது. செத்தால் கேட்க ஆளில்லாதவனை இறக்கினால் பயிற்சிச் செலவு பூஜ்யம்!

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ வேறொரு கணக்கு சொல்கிறார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா மீன்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு. அதாவது வருமானத்தில் ஐந்து சதவீதம் பாதுகாப்புக்கு! பகலில் போட்ட மந்திரத்தை ராத்திரியில் அவிழ்த்து விடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் மூழ்கக்கூடாது என்று. பூட்டும் அதுவே, சாவியும் அதுவே. பிற்காலத்தில் இவர்களைக் கடல்கட்டி என்று அழைத்தார்கள். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மூழ்குகிறவனின் பயத்தைக் கட்டியது. பதற்றப்படாமல் இருப்பதுதான் தண்ணீருக்குள் முதல் பாதுகாப்பு என்று இன்றைய பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள்.

சரி, உண்மையான பயிற்சி எங்கே இருந்தது? கயிற்றில் இருந்தது.

முத்துப் பார்கள் சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. குளிப்பவர் ஒரு கனமான கல்லில் காலை வைத்துச் சரசரவென்று இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிடம் அடியில் சிப்பி பொறுக்குவார். கயிற்றை இழுத்துச் சைகை காட்டியதும் மேலே இருப்பவர் தூக்கி விடுவார். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மூச்சு வாங்குவார். மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தங்கச்சி தாலி அவன் கையில்! அது கதையாகவே இருந்தாலும் அதில் உள்ள புத்தி பெரியது. கயிறு பிடிப்பவருக்கும் மூழ்குபவருக்கும் லாபமும் நஷ்டமும் ஒன்றாக இருந்தன. பிரிட்டிஷ் காலத்து இலங்கைச் சலாபத்தில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஒரு பங்கைக் குளிப்பவர்களுக்கு விட்டது. அந்த ஒரு பங்குக்காகத்தான் நம் கரையிலிருந்தும் பரதவர்கள் மன்னார் வரை போனார்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் கிடையாது. பாடம் ஒன்றே ஒன்றுதான்: மூச்சை அடக்கு.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் அக்வாலங் கருவியை உருவாக்கினார்கள். 1960-களில் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் ஸ்கூபா கருவியோடு இறங்கி முத்துப் பார்களையும் சங்குப் படுகைகளையும் நேரில் பார்த்து எழுதினார்கள். 1973-ல் அதே நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். கடலடியில் காற்று கிடைத்துவிட்டது. ஆனால் காற்று கிடைத்ததும் பழைய பாடம் தலைகீழாகிவிட்டது.

எப்படி? மேலே இழுத்த மூச்சோடு 20 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மூன்று மடங்காகும், நுரையீரலில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஏறும்போது பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் 20 மீட்டரில் வைத்துச் சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால்? அந்தக் காற்று மூன்று மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். அப்பா தாத்தா காலத்திலிருந்து உயிரைக் காப்பாற்றிய பழக்கமே உயிரை எடுக்கும். ஸ்கூபாவில் முதல் பாடம், எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே என்பதுதான்.

இரண்டாவது ஆபத்து நைட்ரஜன். அழுத்தத்தில் ரத்தத்திலும் சதையிலும் கரைந்த வாயு, வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பும். மூட்டு வலி, பக்கவாதம், மரணம். ஆஸ்திரேலியாவின் புரூம் ஊர்க் கல்லறையில் நூற்றுக்கணக்கான ஜப்பானிய முத்துச்சிப்பித் தொழிலாளிகள் கிடக்கிறார்கள். புயலில் போனவர்கள் போக, பலரைக் கொன்றது இந்த நோய்தான். படிப்படியாக நின்று ஏற வேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் 1908-ல் வெளியிட்டார். அந்த அறிவு சாவுகளுக்குப் பின்னால் வந்தது.

அதை எளிய மக்களுக்குச் சொல்லித்தரத்தான் 1960-ல் நாவி, 1966-ல் பாடி போன்ற அமைப்புகள் தொடங்கின. இன்று முதல் நிலைச் சான்றிதழ் பெற்றவருக்கு எல்லை 18 மீட்டர். பயிற்சியே இல்லாமல் ஆசைக்கு ஒரு முறை இறங்குபவருக்கு 12 மீட்டர். வகுப்பு, நீச்சல் குளம், பிறகு நான்கு முறை கடல். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தரம் நாள் கணக்கில் இல்லை. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தாலும் பதறாமல், மூச்சை அடக்காமல் இருக்க உடம்பு பழகிவிட்டதா என்பதில் இருக்கிறது. மாணவனுக்கு வராவிட்டால் நான்காம் நாளும் வா என்று சொல்பவர்தான் நல்ல பயிற்சியாளர். கட்டணத்தை முதலிலேயே வாங்கிவிட்டவருக்கு அப்படிச் சொல்லக் காசு ரீதியாக எந்தக் காரணமும் இல்லை. கயிறு பிடித்த மச்சானுக்கு இருந்தது.

இதில் சுற்றுலாப் பயணியை விட எனக்குக் கவலை தருபவர்கள் வேறு. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் படகில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்து இறங்குகிறார்கள். அவர்கள் எடுக்கும் சங்கு வங்காளத்தில் கல்யாணமான பெண்களின் கையில் வளையலாகிறது. கருவி மாறிவிட்டது, பாடம் மாறவில்லை. பயணிக்குக் கிடைக்கும் வகுப்பு, தினமும் இறங்கும் தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை. அழுத்தம், நைட்ரஜன், ஏறும் வேகம் எல்லாவற்றையும் அவர்கள் தெரிந்துகொள்ள சில நாள் தமிழ் வகுப்பு போதும். கருவிக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கும் ஊரில், அந்த வகுப்புக்குச் செலவு செய்யவும் ஆள் வேண்டும்.

மார்க்கோ போலோ பார்த்த காலத்தில் ஐந்து சதவீதம் ஒதுக்கினார்கள். மந்திரத்துக்கே அவ்வளவு கொடுத்த கடற்கரை இது. பயிற்சிக்கு அதில் பாதியாவது ஒதுக்கலாமே!