பழைய ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும்: வைத்திருத்தல், பழுதுபார்த்தல், மாற்றியமைத்தல்

ஸ்கூட்டர், மொபெட் போன்ற சிறு மோட்டார் வண்டிகளை ஆசையாக வைத்திருப்பதும், தன் கையாலேயே கழற்றிப் பழுதுபார்ப்பதும், தன் உடம்புக்கும் வேலைக்கும் தக்கபடி திருத்திக்கொள்வதும் உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காக இருக்கிறது. ஐரோப்பாவில் அது சங்கம், ஊர்வலம், கண்காட்சி என்று வளர்ந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் அதற்கு வேறு முகம். இங்கே பொழுதுபோக்குக்கும் பிழைப்புக்கும் நடுவில் வரப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் வண்டியைப் பிரித்துப் போட்டு உட்காருகிறவர், திங்கட்கிழமை காலையில் அதே வண்டியில் பால் கேனையோ குச்சிக்கிழங்கு மூட்டையையோ ஏற்றிக்கொண்டு போவார். இந்த வட்டாரத்தில் வண்டிப் பிரியர் என்றால் ஓடாத வண்டியை ஓடவைக்கிறவர் என்று பொருள். வண்டிகளைச் சேர்த்து அடுக்குகிறவர் அல்லர்.

இந்தப் பழக்கம் இங்கே வேர்விட ஊர்களின் அமைப்பும் ஒரு காரணம். தம்மம்பட்டியை எடுத்துக்கொள்ளலாம். சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சுவேத நதியை ஒட்டி இருக்கிறது இந்தப் பேரூராட்சி. மரச்சிற்பத்துக்கும் ஜல்லிக்கட்டுக்கும் பேர்போன ஊர். ஆத்தூர், ராசிபுரம், துறையூர் என எந்தப் பக்கம் போனாலும் அடுத்த பெரிய ஊர் மிதிவண்டிக்கு எட்டாத தூரம். பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து தோட்டத்துக்குப் போகும் மண் தடமோ காருக்குத் தோதுப்படாது. அந்த இடைவெளியை முதலில் மொபெட்டும், வசதி வந்தபின் கியர் ஸ்கூட்டரும் நிரப்பின.

வண்டிகள் வந்த வழி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் பிறந்தவை இரண்டு பெரிய ஸ்கூட்டர் குடும்பங்கள். பியாஜியோ நிறுவனத்துக்காகக் கொர்ராதினோ தஸ்கானியோ வடிவமைத்த வெஸ்பா 1946இல் வந்தது. மிலான் நகர இன்னொசென்டியின் லாம்ப்ரெட்டா 1947இல் வந்தது. இந்தியாவுக்கு இரண்டுமே வந்து சேர்ந்தன. லாம்ப்ரெட்டாவை பம்பாயில் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா செய்தது. அந்த நிறுவனம் பின்னாளில் சென்னையின் எம்.ஏ.சிதம்பரம் குழுமத்தின் கைக்குப் போயிற்று. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு வைத்திருப்பது அவர் பெயரைத்தான். 1972இல் லக்னோவில் தொடங்கிய அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா, இன்னொசென்டியின் இயந்திரங்களையே வாங்கிவந்து விஜய் சூப்பரைச் செய்தது.

வெஸ்பா பக்கம் பஜாஜ் இருந்தது. பியாஜியோவுடனான உரிம ஒப்பந்தம் 1971இல் முடிந்ததும், அடுத்த ஆண்டே ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைச் சூட்டிச் சேத்தக்கைக் கொண்டுவந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. வாத்தியார் வீட்டிலும் வங்கி ஊழியர் வீட்டிலும் இன்றும் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் சாக்குப் போர்த்தி நிற்கும் சேத்தக்குக்குப் பின்னால் அந்தக் காத்திருப்பு இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி என்பதால்தான் பெரும்பாலும் மகன் இந்தப் பழக்கத்துக்குள் வருகிறான்.

சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. புல்லட் செய்த என்ஃபீல்டு நிறுவனமே 1960களில் 175 சிசி வில்லியர்ஸ் எஞ்சின் வைத்த ஃபேன்டாபுலஸ் என்ற ஸ்கூட்டரைச் செய்தது. இன்று ஒன்று கண்ணில் பட்டாலே பெரிய விஷயம்.

ஆனால் இந்தச் சமவெளியின் கதையை மாற்றியது ஓசூரில் பிறந்த வண்டி. 1980இல் வந்த டிவிஎஸ் 50, இருவர் போகத்தக்க முதல் இந்திய மொபெட். எஞ்சின் 50 சிசிக்குள் அடங்கிவிடும். கிளட்ச் பிடிக்கவும் வேண்டாம், கியர் மாற்றவும் வேண்டாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் அன்றைக்கே ஓட்டிவிடலாம். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துக்கொண்டே வீடு சேரலாம். பின்னால் வந்த எக்ஸ்எல் ஹெவி டியூட்டி 70 சிசி வண்டி. 2015இல் வந்த எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியது. எந்த மாடலானாலும் கிராமத்தில் இன்றும் அதற்கு ‘டிவிஎஸ் பிப்டி’ என்றே பேர்.

ஏன் இவற்றைக் கையாலேயே பழுதுபார்க்க முடிகிறது

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இல்லை, கேம் இல்லை, தனியான எஞ்சின் ஆயில் தொட்டியும் இல்லை. பிஸ்டன், ரிங், கிராங்க், தாங்கிகள், ஆயில் சீல் இவைதாம் உயிருள்ள உறுப்புகள். மசகு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. சேத்தக்குக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில், அதாவது 2 சதவீதம். பழைய லாம்ப்ரெட்டாவுக்கு அதைவிடக் கூடுதலாக, 4 சதவீதம் வரை வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்ளும். ‘எஞ்சின் புடிச்சுக்கிச்சு’ என்பார்கள். அதிகமானால் பிளக் அடைக்கும், சைலன்சரில் கரி ஏறும், இழுவை போகும்.

எனவே பழகுகிறவர் முதலில் கற்பது பிளக்கைப் படிப்பதைத்தான். ஓடிவந்த வண்டியை நிறுத்தி, சூடு தணிவதற்குள் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. ஈரமாகக் கறுத்திருந்தால் ஆயில் கூடிவிட்டது, அல்லது பெட்ரோல் வழிகிறது. வெளிறிச் சாம்பல் பூத்திருந்தால்தான் பயப்பட வேண்டும்: எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது, அல்லது ஜெட் அடைத்திருக்கிறது, எஞ்சின் தேவைக்கு மேல் வேகிறது. உப்புத்தாள் கொண்டு முனையைத் தேய்த்து, அரை மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி வைத்துத் திரும்ப மாட்டினால் பாதி நாள் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். பழைய வண்டிகளின் கான்டாக்ட் பாயின்ட்டுக்கும் இதே கவனம் வேண்டும். பாயின்ட் கருகிக்கொண்டே இருந்தால் குற்றம் பாயின்ட்டில் இருக்காது, கண்டென்சரில் இருக்கும்.

வெஸ்பா வழி வந்த வண்டிகளுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. அழுத்தி வளைத்த தகடே உடலும் எலும்பும். எஞ்சின் வலப்பக்கம் உட்கார்ந்து பின்சக்கரத்தை நேராகச் சுற்றுகிறது. லாம்ப்ரெட்டாவில் குழாய்ச் சட்டகம், எஞ்சின் நடுவில், உள்ளே சங்கிலி. பழுதுபார்ப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். லாம்ப்ரெட்டாவின் தகடு துருப்பிடித்தால் தகட்டை மாற்றிவிடலாம். சேத்தக்கின் கால்வைக்கும் தளம் அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே அரித்துப்போனதாகப் பொருள். பழைய வண்டி வாங்கப் போகிறவர் பெயின்ட் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டுத் தளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் போதும்.

ஸ்டெப்னி எனும் மாற்றுச் சக்கரம் இந்த வண்டிகளின் அருமையான ஏற்பாடு. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவு, 10 அங்குலம். வழியில் பஞ்சரானால் சில நட்டுகளைக் கழற்றி மாற்றிவிட்டுப் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. சக்கரத்தின் ரிம் இரண்டு பாதிகளைச் சேர்த்து முடுக்கியது. அந்தப் பாதிகளைச் சேர்க்கும் நட்டுகளைக் காற்று இருக்கும்போது கழற்றவே கூடாது; ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். வால்வைப் பிடுங்கிக் காற்று முழுவதும் இறங்கியபின்தான் ஸ்பேனரை வைக்க வேண்டும்.

சிலிண்டர் தேய்ந்தால் லேத்துக்குப் போகும். கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்குத் தக்கபடி ரீபோர் செய்வார்கள். அதுவும் தேய்ந்தால் அடுத்த அளவு. லாரி பாடி கட்டும் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் திருச்செங்கோடும் அடங்கிய பகுதி இது என்பதால், லேத்துக்கும் வெல்டிங்குக்கும் கைதேர்ந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. பெருநகரத்தில் ‘பார்ட்ஸ் வராது, வித்துருங்க’ என்று சொல்லிவிடும் ஒரு புஷ்ஷை இங்கே பித்தளையில் கடைந்து தருவார்கள். கிடைக்காத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இருக்கின்றன.

மலை ஏறி இறங்குதல்

இந்தப் பகுதி வண்டிக்காரர்களுக்குக் கொல்லிமலைதான் தேர்வு. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி சூடேறும், ஆனால் கேட்ட ஆயில் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆபத்து இறங்கும்போது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரில் போட்டு, எஞ்சினாலேயே வேகத்தைத் தடுத்து இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது; பெட்ரோல் உள்ளே போகாததால் அதோடு வரவேண்டிய ஆயிலும் போவதில்லை. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் சரியான வழக்கம் இங்கே பிஸ்டனைக் கடித்துவிடும். தெரிந்தவர்கள் இரண்டு வளைவுக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகிவிட்டு இறங்குவார்கள். நியூட்ரலில் இறங்குவதோ இன்னும் மோசம். முழுச் சுமையும் டிரம் பிரேக்கின் மேல் விழுந்து, சூட்டில் பிடிப்பே போய்விடும்.

மாற்றியமைத்தல்

பிரிட்டனில் 1960களின் ‘மாட்’ இளைஞர்கள் வெஸ்பாவிலும் லாம்ப்ரெட்டாவிலும் பத்துப் பதினைந்து கண்ணாடிகளும் விளக்குகளும் பூட்டி அலங்கரித்தார்கள். அந்த ஆர்வம் இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. இந்தியாவில் செய்த பழைய ஸ்கூட்டர்களும் உதிரிகளும் அந்தச் சந்தைக்குக் கப்பலேறிப் போனதுண்டு. அவற்றில் சில, துருவின் மேல் பட்டி பூசி மெழுகிய வண்டிகள் என்ற கெட்ட பெயரையும் சம்பாதித்தன. தகட்டை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்காமல் பட்டியால் மூடுவது பழுதுபார்ப்பு ஆகாது.

இங்கே நடக்கும் மாற்றம் பெரும்பாலும் சுமைக்காக. டிவிஎஸ் 50இன் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு இரும்புச் சட்டமும் பலகையும் போடுவார்கள். பால்காரர் இரு பக்கமும் கேன் தொங்கக் கொக்கி வைப்பார். மீன்காரரின் பெட்டி, ஐஸ்காரரின் பெட்டி, துணி வியாபாரியின் மூட்டைத்தாங்கி என ஒவ்வொரு தொழிலும் ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது. நல்ல வெல்டர் முதலில் சுமையைக் கையால் தூக்கிப் பார்ப்பார், பிறகுதான் கம்பியை வளைப்பார். எடை பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி மேட்டில் தூக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் பழைய ஸ்கூட்டருக்குச் செய்யத்தக்க மாற்றங்களில் விளக்கை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு ஏற்றுவதும், பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பதும் உண்மையிலேயே பயன் தருபவை. ஹெட்டைச் சீவி அழுத்தம் கூட்டுவது, போர்ட்டை அரத்தால் பெரிதாக்குவது, சத்தத்துக்காகச் சைலன்சரைக் குடைவது ஆகியவை எஞ்சினின் ஆயுளைத் தின்பவை. கடைசியாகச் சொன்னது ஊரார் தூக்கத்தையும்.

எல்லா மாற்றத்திலும் மேலானது இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். பின்சக்கரத்தின் இருபுறமும் துணைச் சக்கரங்கள் வைத்து, கால் ஊன்ற முடியாதவரும் தனியாக ஓட்டத்தக்கதாக ஆக்குவது. தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இதை விலையின்றி வழங்கிவருகிறது. ஒரு வண்டியைத் திருத்துவதால் ஒருவர் வேலைக்கும் சந்தைக்கும் யார் தயவும் இல்லாமல் போய்வர முடிகிறது என்றால் அதைவிடப் பெரிய பட்டறை வேலை என்ன இருக்கிறது?

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) உள்ள விவரமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிக்காகத் தகவமைத்தல் போன்றவற்றுக்கு வழிவிடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். எனவே கேரியர் போடுகிறவரும் பூட்டுகிற பொருள் கழற்றக்கூடியதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. சட்டகத்தில் துளை போட்டால் பின்னால் திருப்ப முடியாது.

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கொட்டகையில் கிடக்கும் பல சேத்தக்குகளுக்கு எஞ்சினைவிட இந்தக் காகிதம்தான் பெரிய பழுது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது; கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும். சந்தைக்குப் போகும் வண்டிக்கு இது ஒத்துவராது.

நிறுத்திவைக்கும்போது

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு கூடிக்கொண்டே வந்து 20 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் சீலையும் ஊறவைத்து உளுத்துப்போகச் செய்யும். ஐப்பசி மழைக்கு வண்டியை மூடிவைக்கிறவர் டேங்க்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் இரண்டு சொட்டு டூ-டி ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக நாலு தடவை அழுத்தி, பிளக்கைத் திரும்ப மாட்ட வேண்டும். ஸ்டாண்டின் கீழ் ஒரு பலகை போட்டால் ஈரத் தரை தகட்டைத் தின்னாது. சாக்குப் போர்த்துவதானால் தரையைத் தொடாமல் போர்த்த வேண்டும். தொட்டால் அது திரிபோல ஈரத்தை மேலே ஏற்றிவிடும்.