மாவள்ளிச் சிற்றுண்டிச்சாலை

ஒரு நகரின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கோயில்களிலும் தேடுதல் அறிஞர் வழக்கம். அடுப்பங்கரையிலும் வரலாறு உண்டென்பதற்குப் பெங்களூர் மாநகரின் 'மாவள்ளி ரிபன் றூம்ஸ்' தக்க சான்றாகும். ஐதர் அலி 1760ஆம் ஆண்டளவில் அமைக்கத் தொடங்கிய லால்பாக் பூங்காவின் அயலில் இது இருக்கிறது. எம். ரி. ஆர். என்ற மூன்றெழுத்தாலேயே ஊரார் இதனை அழைப்பர். விடியற்காலையிலே வாயிலில் வரிசை நிற்கும். நீதிபதியாயினும் மாணவராயினும் தம் முறை வருமட்டும் காத்திருத்தல் வேண்டும்.

உடுப்பிக்கு அண்மையிலுள்ள பரம்பள்ளி என்னும் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்தவர்கள் மையா சகோதரர்கள். பிறர் வீடுகளிற் சமையல் செய்து வாழ்ந்த இவர்களுள் மூத்தவரான பரமேசுவர மையா, 1924ஆம் ஆண்டில் ஒரு சிறு கடையைத் திறந்தார். இட்டலியும் கோப்பியுமே அங்கு முதன்மைப் பண்டங்கள். கடையின் பெயர் 'பிராமணர் கோப்பி கிளப்' என்பது.

இப்பெயரைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சமைப்பவர் இன்ன குலத்தவர் என்பதே அக்காலத்தில் ஓர் உணவுச்சாலைக்கு உத்தரவாதமாக இருந்தது. வெளியிற் கை நனைக்க அஞ்சிய ஆசாரசீலர், பெயர்ப்பலகையைப் பார்த்தே உள்ளே நுழைவர். தென்னாட்டு நகரங்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் இருந்தது. இதற்கெதிராக 1957ஆம் ஆண்டில் ஈ. வெ. ரா. பெரியார் சென்னையிலே பெயர்ப்பலகைக் கிளர்ச்சி நடத்தினார். எம்மவர் இதைப் படித்து அயலார் கதையென்று நகைத்தல் தகாது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே சிலருக்கு மூக்குப்பேணி. சிலருக்குப் போத்தலும் சிரட்டையும். 1957ஆம் ஆண்டிலே சட்டம் வந்தும் வழக்கம் மாறவில்லை. 1966ஆம் ஆண்டு முதல் இளைஞர் பலர் அடிபட்டும் உதைபட்டும் அக்கடைகளினுள் நுழைய நேர்ந்தது. முதியோர் சிலர் இதனைக் கண்ணாற் கண்டவர்கள்.

மாவள்ளிக் கடையின் போக்கு மாறியதற்கு ஒரு பயணமே காரணமாயிற்று. மூத்தவருக்குப் பின் பொறுப்பேற்ற யக்ஞநாராயண மையா, 1951ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் சென்றார். உணவகங்கள் எவ்வாறு நடக்கின்றன என்று பார்ப்பதே அவர் நோக்கம். அங்கு பாத்திரங்களையும் கோப்பைகளையும் கொதிநீரிலும் ஆவியிலும் தூய்மை செய்வதைக் கண்டார். ஊர் திரும்பியதும் அதையே தம் கடையிற் செய்தார். சுத்தத்தைப் பற்றித் துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டு வாடிக்கையாளருக்கு வழங்கினார். உண்ண வருவோர் சமையலறையைப் பார்த்து விட்டே பந்திக்குச் செல்லலாம் என்றும் விதித்தார். எத்தனை கடைக்காரருக்கு இத்துணிவு வரும்? 1960ஆம் ஆண்டில் லால்பாக் வீதியிலுள்ள இன்றைய கட்டடத்துக்குக் கடை பெயர்ந்தபோது, பழைய பெயரும் போயிற்று. மாவள்ளி என்ற இடப்பெயர் வந்தது. சமைப்பவரின் பிறப்பை நம்பிய இடத்திலே, கண்ணாற் காணும் துப்புரவை நம்பும் நிலை வந்தது என்பதே எமது கருத்து. மிஷன் பாடசாலையிலே சுகாதாரத்தைப் பாடமாக உருப்போட்ட எமக்கு, அடுப்பங்கரையிற் கற்பித்த இவ்வாசிரியர் மேலானவராகவே தோன்றுகிறார்.

இதன் புகழ்பெற்ற பண்டமான ரவை இட்டலியும் பஞ்சத்திற் பிறந்ததே. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியின் வரவு நின்றது. அரிசியின்றி இட்டலி ஏது? ரவையைத் தயிரிற் கலந்து, கடுகு தாளித்து, முந்திரிப்பருப்பும் சேர்த்து ஆவியில் அவித்தனர். அதுவே ரவை இட்டலி என்று அக்கடையார் கூறுவர். அதே பர்மா அரிசி நின்றதனாலேயே இலங்கையிலும் கூப்பன் வந்தது. எம் பாட்டன்மார் கோதுமை மாவுக்குப் பழகினர். மூத்தோரைக் கேட்டால் அக்கதை ஒன்றுக்குப் பத்தாக வரும்.

1975ஆம் ஆண்டு யூன் மாதம் இந்தியாவில் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. உணவுப் பண்டங்களைக் குறைந்த விலைக்கே விற்கவேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. நெய்யைக் குறைத்து, கோப்பியில் நீரைக் கூட்டி ஒப்பேற்றியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அப்போது கடையை நடத்திய ஹரிச்சந்திர மையா அதற்கு இணங்கவில்லை. பழைய தரத்திலேயே பரிமாறி, அன்றன்றைய நட்டத்தைப் பலகையில் எழுதி வாயிலில் வைத்தார் என்று பெங்களூரில் இன்றும் சொல்வர். நட்டம் தாங்காது கடை மூடப்பட்டது. ஆயினும் தொழில் அழியவில்லை. ரவை இட்டலி மாவு முதலியவற்றைப் பொதிகளில் அடைத்து விற்கத் தொடங்கினர்.

வேடிக்கை என்னவெனில், அடுப்பணைந்த வேளையிற் பிறந்த அப்பொதி வியாபாரமே பிற்காலத்திற் கடல் கடந்தது. அதை 2007ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு ஓர்க்லா நிறுவனம் வாங்கியது. எம்மூர்க் கடைகளிலும் அப்பொதிகளைக் காண்கிறோம். உணவுச்சாலையோ 1984ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டு மையா குடும்பத்தாரிடமே இருக்கிறது. 2013ஆம் ஆண்டிற் சிங்கப்பூரிலும் ஒரு கிளை கண்டனர். லால்பாக் வீதிப் பழைய கட்டடத்திலே இன்றும் வெள்ளித் தம்ளரிற் கோப்பி தருகிறார்கள்.