மேம்பாலத்துக்குக் கீழே

பெங்களூரு பொம்மனஹள்ளியின் கதை என்றால் ஐ.டி. கம்பெனிகளையும் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தையும் சொல்வார்கள். நான் சொல்வது அந்தப் பாலத்துக்குக் கீழே, ஓசூர் ரோட்டில் நடந்தது.

கார்மென்ட்ஸ் லைனில் எங்கள் சட்டைக்குக் காலர் வைத்தவள் கோலார்க்காரி. கை வைத்தது கிருஷ்ணகிரிக்காரியான நான். காஜா போட்டவள் மதனப்பள்ளி. ஒரு மிஷினில் பீஸ் தேங்கினால் சூப்பர்வைசரின் திட்டு மொத்த லைனுக்கும்தான். அதனால் ஒருத்திக்கு முடியவில்லையென்றால் பக்கத்து மிஷின்காரி அவள் பண்டலையும் இழுத்துத் தைத்துவிடுவாள். யார் எந்த ஊர், எந்த ஜாதி என்று டார்கெட் பார்ப்பதில்லை.

2016 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எஃப். விதியை மாற்றியது. வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்து முழுப்பணத்தையும் எடுக்கலாம் என்றிருந்தது போய், முதலாளி போட்ட பங்கு 58 வயதில்தான் என்றானது. நாற்பதிலேயே முதுகும் கண்ணும் போய்விடுகிற வேலை இது. சம்பளம் அப்போது ஏழாயிரத்தைச் சுற்றி. மகள் கல்யாணமோ வட்டிக்கடனோ வந்தால் வேலையை விட்டு பி.எஃப். எடுப்போம், பிறகு பக்கத்து ஃபேக்டரியில் புதிதாகச் சேருவோம். எங்களுக்கு இருந்த ஒரே சேமிப்பு அதுதான்.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. ஒருத்தி கன்னடத்தில் கோஷம் போட, தமிழிலும் தெலுங்கிலும் பதில் வந்தது. தலைவி யார் என்று போலீஸ் கேட்டால் காட்ட ஆளில்லை. அல்லது எல்லோரையும் காட்டலாம். மறுநாள் பீன்யா, ஜாலஹள்ளி, ஹெப்பகோடி வரை பரவியது. தடியடி, கண்ணீர்ப்புகை, எரிந்த வண்டிகள். கொளுத்தியது யாரோ, அடி வாங்கியது பெண்கள். அன்றே அப்போதைய மத்திய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா புதிய விதியை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்.

ஐந்தே மாதம். செப்டம்பர் 12-இல் காவிரிக் கலவரம். தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன. அத்திபெலே எல்லையை ஜனங்கள் நடந்தே கடந்தார்கள். 1991 டிசம்பரில் இதே காவிரிக் கலவரத்தில் மூட்டை கட்டி ஓடியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அன்று கோலார்க்காரி என் ரூம் வரை கூடவே வந்தாள், வழியெல்லாம் சத்தமாகக் கன்னடத்தில் மாமியார் கதை பேசிக்கொண்டு. நான் ‘ஹௌது, ஹௌது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடந்தேன். லைனில் இருந்த ஒற்றுமைக்கு ரோட்டில் அவ்வளவுதான் பலம். அதையும் நான் குறைவாகச் சொல்லமாட்டேன்.

இப்போது லைனில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள். ஹாஸ்டல் கேட்டைத் தாண்ட வார்டனிடம் கேட்க வேண்டும். இவர்கள் வேகமாகத் தைப்பதால்தான் டார்கெட் ஏறுகிறது என்று கன்னடமும் தமிழும் சேர்ந்தே முணுமுணுக்கின்றன. எங்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

அவர்களில் ஒருத்தியின் பி.எஃப். மாட்டிக்கொண்டிருக்கிறது: ஆதாரில் ஒரு பெயர், ஃபேக்டரி பதிவில் வேறு பெயர். அவளைக் கூட்டிக்கொண்டு எச்.ஆர். ரூமுக்கு அலைவது கோலார்க்காரிதான். அவளுக்குத் தெரிந்த ஹிந்தி, சினிமா ஹிந்தி.