இருகண் படக்காட்டியும் வில்லையின் கூர்மையும்

முசலிப் பிரதேசத்து அரிப்புக் கடற்கரையிலே, மண்மேட்டின் விளிம்பில், ஒரு பாழ்மாளிகை நிற்கின்றது. 1798 முதல் 1805 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த பிரெடெரிக் நோத் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்கெனக் கட்டுவித்தது அது. டொரிக் மாளிகை என்பர். கடல் மேட்டை அரித்துவர, சுவர்களும் சரிந்து வந்துள்ளன. அதன் பழைய நிழற்படமொன்றை வகுப்பிற் காட்டியபோது மாணவி ஒருத்தி, “சேர், முன்னுக்கு நிற்கிற தூணுக்கும் பின்சுவருக்கும் இடையிலே எவ்வளவு தூரம்?” என்று வினவினாள். படத்தை எவ்வளவு உற்று நோக்கியும் என்னால் விடை கூற இயலவில்லை. ஒற்றைப் படம் ஒற்றைக் கண்ணின் காட்சியேயாகும். இரு கண்களும் ஏறத்தாழ 65 மில்லிமீற்றர் இடைவெளியிலிருந்து காணும் இரு வேறு தோற்றங்கள் ஒன்றாய் இணைவதாலேயே ஆழம் புலனாகின்றது.

இவ்வுண்மையைக் கருவியொன்றினால் முதன்முதல் நிறுவியவர் சேர் சாள்ஸ் வீற்ஸ்ரன். நிழற்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னர், 1838இல், கையால் வரைந்த இரு படங்களை இரு ஆடிகளிற் காட்டி அவர் திண்மத் தோற்றத்தை உண்டாக்கினார். ஆடிக்குப் பதிலாக வில்லையைப் புகுத்தியவர் ஸ்கொத்துலாந்து அறிஞர் சேர் டேவிட் புறூஸ்ரர், ஆண்டு 1849. அவர் செய்த உபாயம் நுட்பமானது. ஒரே வில்லையை நடுவே இரண்டாக அறுத்து, மெல்லிய ஓரங்கள் உட்புறம் நோக்குமாறு கண்ணுக்கொரு பாதியாகப் பொருத்தினார். இரு பாதியும் ஒரே வில்லையினின்றும் வந்தவையாதலின் அவற்றின் உருப்பெருக்கத்தில் மயிரிழையளவும் வேறுபாடில்லை. அன்றியும், ஓரப்பகுதி அரியம்போலத் தொழிற்பட்டு இரு படங்களையும் ஒன்றன்மேலொன்று கொணர்ந்தது. ஆனால், கூர்மை குறைந்தது. வில்லையின் ஓரம் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், நேர்கோட்டை வளைக்கும்.

தமிழகத்தில் இக்கலை காலூன்ற அதிக காலம் செல்லவில்லை. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக 1856இல் நியமனம் பெற்ற படைத்தலைவர் லினேயஸ் திறைப், 1858ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகியவிடங்களிற் பெரும்படங்களுடன் இரட்டைப் படங்களும் எடுத்தார். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கல்வெட்டை 21 படங்களாகப் பிடித்து, ஏறத்தாழ 19 அடி நீளமாக ஒட்டியவரும் அவரே. கல்வெட்டை வாசிக்கத் தட்டையான படம் போதும். ஆயிரங்கால் மண்டபத்தின் தூண்வரிசைக்கு அது போதாது. எது எதற்கு ஏற்றதென்று அம்மனிதர் அறிந்திருந்தார் என்றே கருதுகிறேன். 1859இல் ஆளுநராய் வந்த சேர் சாள்ஸ் திரவெலியன் இப்பணியை வீண்செலவென நிறுத்திவிட்டார். சில ஆண்டுகள் நீடித்திருப்பின் எத்தனை கோயில்கள் ஆழத்தோடு நமக்குக் கிடைத்திருக்கும்!

அக்காலக் கடதாசிப் படங்களுக்கு வலிய வில்லை வேண்டியிருக்கவில்லை. 1861இல் அமெரிக்க மருத்துவர் ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அமைத்த மலிவான கைக்கருவியின் வில்லைகள் சிறிதளவே உருப்பெருக்கின. படச்சுருள் வந்தபின் நிலைமை மாறிற்று. 1936இல் 35 மில்லிமீற்றர் அளவிற் கொடாக்குரோம் வெளிவந்தது. 1939இல் வியூ மாஸ்டர் வட்டத்தட்டு ஏழு சோடிச் சிறு படங்களுடன் தோன்றியது. 1947இல் சீற்றன் றொச்வைற்று அமைத்த ஸ்டீரியோ றியலிஸ்ட் கமெரா விற்பனைக்கு வந்தது. நகத்தளவான படத்தைக் கண்ணிறையக் காட்ட ஐந்து மடங்கு உருப்பெருக்கமேனும் வேண்டும்.

உருப்பெருக்கம் என்பது 250 மில்லிமீற்றரைக் குவியத் தூரத்தால் வகுத்து வருவது. குவியத் தூரம் 50 ஆயின் ஐந்து மடங்கு. 250 மில்லிமீற்றர் தூரத்தில் நல்ல கண் ஒரு மில்லிமீற்றரிற் பதினான்கிலொரு பங்கைப் பிரித்தறியும். அவ்வில்லையூடாக எழுபதிலொரு பங்கைப் பிரித்தறியும். படத்தில் அவ்வளவு நுணுக்கம் பதிந்திராவிடின், வில்லையின் வலிமையைக் கூட்டுவதால் மங்கலும் மணிகளுமே பெருக்கும். “பெரிதாய்த் தெரிகிறது” என்று வாங்குவோர் பலர் இதனை உணர்வதில்லை. மறுபுறம், படம் கூர்மையாயிருந்தும் ஒற்றை வில்லை பொருத்திய கருவி விளிம்பிலே நீலமும் செம்மஞ்சளும் பூசிவிடும். கிரவுன், பிளின்ற் என்னும் இருவகைக் கண்ணாடிகளை இணைத்த கூட்டுவில்லை இக்குறையைப் பெரிதும் நீக்கும். இதற்கு 1758இலேயே ஜோன் டொலண்ட் காப்புரிமை பெற்றிருந்தார்; ஆயினும் மலிவான காட்டிகள் இருநூறாண்டுக்குப் பின்னும் ஒற்றை வில்லையோடே வந்தன.

மாணவியின் வினாவுக்கு விடை தேடி வகுப்போடு அரிப்புக்குச் சென்றோம். கைப்பேசியால் ஒரு படம். ஓரடி விலகி இன்னொன்று. கண்ணிடைவெளி அத்தூரத்துக்குப் போதாதென்பதால் அவ்வாறு செய்தோம். இரண்டையும் திரையில் அருகருகே வைத்து, வெவ்வேறிடத்தில் வாங்கிய இரு கைவில்லைகளாற் பார்த்தோம். எல்லோருக்கும் தலையிடி! ஒரு கண்ணின் தூண் மற்றக் கண்ணின் தூணிலும் நெடியதாயிருந்தது. புறூஸ்ரர் ஒரே வில்லையை ஏன் அறுத்தார் என்பதைப் பாடநூலைவிட அத்தலையிடியே நன்கு கற்பித்தது. பின்னர் ஆய்வுகூட வில்லைகளால் வெயிலைக் குவித்து, அடிமட்டத்தால் அளந்து, குவியத் தூரம் ஒத்த இரண்டைத் தெரிந்தோம். அவற்றினும் வலிய சோடியொன்றைப் பொருத்தியபோது திரையின் புள்ளிகளே தெரிந்தன. ஆகவே முன்னையவற்றுக்கே மீண்டோம்.

இம்முறை தூண் முன்னே எழுந்து நின்றது; சுவர் பின்வாங்கியது; சுவரின் பிளவுக்கு அப்பால் கடல் தெரிந்தது. அலைகள் மாத்திரம் இணையவில்லை. இரு படங்களுக்குமிடையே அவை நகர்ந்துவிட்டன. வினவிய மாணவி நெடுநேரம் பார்த்திருந்து, “ஏழெட்டு அடி இருக்கும், சேர்” என்றாள். அடுத்த முறை அளவுநாடாவும் கொண்டுசெல்லவிருக்கிறோம்.